கீழ் வரி

சிவகாசிக்காரர் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டார். மேலே ஒட்டிய லேபிளைத் தடவுவார். எத்தனை வர்ணம், என்ன காகிதம், எந்த ஓரத்தில் மை விலகியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்புறந்தான் பெட்டியைத் திறப்பார். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-இல் ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சாபீஸ் வேண்டும் என்று ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றொன்று வந்து சேர்ந்தது.

அப்படிப்பட்ட அச்சாபீஸ் முதலாளி ஒருவர் எனக்கு நண்பர். பத்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். 2024 மே மாதக் கடைசியில் ஜெர்மனியில், டுஸல்டார்ஃப் நகரத்தில் தொடங்கிய ‘ட்ரூபா’ அச்சு இயந்திரக் கண்காட்சிக்கு அவர் புறப்பட்டார். “துணைக்கு வாங்க தம்பி, உங்களுக்கும் ஒரு கதை கிடைச்ச மாதிரி இருக்கும்” என்று என்னையும் இழுத்துக்கொண்டார். டிக்கெட் செலவு என்னுடையது, சாப்பாட்டுச் செலவு அவருடையது என்று ஒப்பந்தம்.

மூன்றாம் நாள் ஒரு விருந்து அழைப்பு வந்தது. அண்ணாச்சியின் தகப்பனார் காலத்தில் சிவகாசிக்கு இயந்திரம் பூட்ட வந்து, இரண்டு வாரம் அவர்கள் வீட்டிலேயே தங்கி இட்லி சாப்பிட்ட ஜெர்மன் மெக்கானிக், இப்போது ஓய்வு பெற்ற கிழவர், இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வெறுங்கையோடு போகலாமா? விடுதிக்காரரிடம் கேட்டோம். “ஒரு பாட்டில் வெள்ளை ஒயின் வாங்கிப் போங்கள். அதிகச் செலவும் ஆகாது” என்றார்.

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. அவருடைய தாத்தா பனை ஏறியவர். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். தாத்தா சுண்ணாம்பை மறந்த நாள்கள் அதிகம். அந்தக் கள்ளிலேயே போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் மது என்ற பேச்சே கிடையாது. “எங்கய்யா இருந்தா, இந்தக் கையால பாட்டிலத் தொட விடுவாரா?” என்றார் அண்ணாச்சி. ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! பத்து யூரோவுக்கு மேல் போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தோம்.

சுவர் முழுக்கப் பாட்டில்கள். அண்ணாச்சியின் கை நேரே ஒன்றுக்குப் போயிற்று. கோட்டை, ஆறு, பொன் எழுத்து. “பொன் அச்சு மயிரிழை விலகல பாருங்க தம்பி!” விலை நாலு யூரோவுக்கும் குறைவு.

கடையில் இருந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே அதை வாங்கித் திரும்ப வைத்தாள். “பீஸ்போர்ட்டர் மிஹெல்ஸ்பெர்க்” என்று அதில் போட்டிருந்தது. பீஸ்போர்ட் என்பது மோஸல் நதிக்கரையில் பேர்போன ஊர். ஆனால் அந்த முழுப்பெயரைச் சுற்றுவட்டாரத்துப் பல ஊர்த் திராட்சைக்கும் வைத்துக்கொள்ள 1971-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. பெயர் ஒரு ஊருடையது, பழம் எந்த ஊருடையதோ!

“மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள்” என்றாள். ‘குட்ஸ்அப்ஃபுல்லுங்’ என்றிருந்தால், திராட்சை பயிரிட்டவரே பாட்டிலிலும் அடைத்தார் என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு நீண்ட எண். அரசாங்கம் சோதித்துக் கொடுத்தது. அதன் கடைசி இலக்கங்கள் சோதித்த வருஷம். ‘கபினெட்’, ‘ஷ்பேட்லெஸெ’ என்ற பெரிய வார்த்தைகள், பறித்தபோது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதற்குத்தான். பாட்டிலில் உள்ள இனிப்புக்கு அல்ல. இனிப்பில்லாதது வேண்டுமென்றால் ‘ட்ரோக்கன்’ என்ற சொல் இருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் சாராயச் சத்தின் சதவீதத்தைப் பார்க்கலாம். எட்டு ஒன்பது என்றிருந்தால், சர்க்கரை முழுவதும் புளிப்பதற்குள் நிறுத்திவிட்டார்கள், இனிப்பு மிச்சம் இருக்கிறது என்று கொள்ளலாம். பன்னிரண்டு என்றால் அநேகமாகச் சர்க்கரை தீர்ந்துவிட்டது.

“சுண்ணாம்புக் கணக்குத்தான்” என்று அண்ணாச்சி முணுமுணுத்தார்.

விலைக்கும் ஒரு காரணம் சொன்னாள். மோஸல் கரையில் செங்குத்தான சரிவுகளில் மனிதன்தான் ஏறி இறங்கி வேலை செய்ய வேண்டும். கூலி விலையில் ஏறிவிடும். ரைன்ஹெஸ்ஸன், ஃபால்ட்ஸ் பக்கம் மெல்லிய சரிவு, இயந்திரம் ஓடும். அதே காசுக்கு நல்ல சரக்காகக் கிடைக்கும். ரீஸ்லிங் என்ற பெரிய பெயருக்கே ஆசைப்படாமல் ஸில்வானர் திராட்சையை எடுத்தால் இன்னும் மிச்சம். அது அஸ்பாரகஸ் பருவம். நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு ஒன்றுவிட்ட தங்கை அது. விருந்தில் அதுதான் இருக்கும், அதற்கு ஸில்வானர் பொருத்தம் என்றாள். ரைன்ஹெஸ்ஸன் ஸில்வானர், ட்ரோக்கன், பன்னிரண்டு சதவீதம், எட்டு யூரோ. லேபிள் இரண்டே வர்ணம். அண்ணாச்சியே அடித்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

டிராமில் அவர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தார். பிறகு சொன்னார்:

“இருபது வருஷத்துக்கு முன்னால ஒரு பட்டாசு லேபிள் ஆர்டர் வந்துச்சு. பேர்போன ஒரு சரக்கோட லேபிள் மாதிரியே. எழுத்து மட்டும் ஒண்ணு வேற. பெரிய ஆர்டர். அய்யா ஊர்ல இல்லாதப்போ நான் முன்பணம் வாங்கிட்டேன். வந்து பார்த்தாரு. மெஷினை நிறுத்தச் சொல்லி, பிளேட்டை அழிச்சு, பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாரு. ‘உள்ள இருக்கிறது அவன் பாவம், மேல இருக்கிறது நம்ம வாக்கு’ன்னாரு. அந்தத் தீபாவளிக்குக் கடன் வாங்கித்தான் போனஸ் கொடுத்தோம். நான் அவர்கிட்ட பேசல. பங்குனியில போயிட்டாரு. கடைசி வரைக்கும் பேசல தம்பி.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

கிழவர் வாசலிலேயே பாட்டிலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கீழ் வரியை மட்டும் படித்தார். தலையை ஆட்டினார். “உன் அப்பாவும் இப்படித்தான்” என்றார். “இயந்திரத்தில் முதல் தாள் விழுந்ததும் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பூதக்கண்ணாடியை வைத்து, அடியில் இருந்த அச்சாபீஸ் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.”

அண்ணாச்சி தண்ணீர்தான் குடித்தார். நான் ஒரு வாய் ருசித்தேன்; முதலில் மெல்லிய புளிப்பு, பிறகு பச்சை ஆப்பிள், கடைசியில் மழை பட்ட மண். நன்றாகவே இருந்தது.

புறப்படும்போது அண்ணாச்சி காலிப் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விடுதிக் குழாயடியில் நள்ளிரவு வரை ஊறவைத்து, நுனிகூடக் கிழியாமல் அந்த லேபிளை உரித்தெடுத்தார். இப்போது அது அவருடைய கல்லாப் பெட்டிக்கு மேலே, தகப்பனார் படத்துச் சட்டத்தில் செருகியிருக்கிறது. மது லேபிளை அய்யா படத்திலா வைப்பது என்று வீட்டில் சண்டை. அண்ணாச்சி பதில் சொல்வதில்லை.