கேளாத குரலா? கேளாத செவியா?

பள்ளி இறுதி வகுப்பிலே "இனாடிபிள்" எனும் ஆங்கிலச் சொல்லைச் சந்தித்தேன். காதில் விழாதது என்று பொருள் கூறினார் ஆசிரியர். கேட்டலைக் குறிக்கும் "ஆடிரே" எனும் இலத்தீன் வினை அதன் வேர்; முன் நிற்கும் "இன்" அதனை மறுக்கிறது. தணிக்கை எனப் பொருள்படும் "ஆடிட்" என்பதும் அவ்வேரில் முளைத்ததே! முற்காலத்தில் கணக்கை உரக்கப் படிக்கச் செய்து, காதால் கேட்டுச் சரிபார்த்தனர்.

காதால் கேட்ட கணக்கு! உடனே என் பாட்டனார் நினைவு நெஞ்சில் எழுந்தது. கீழத்தஞ்சையிலே பண்ணையாளாய் உழைத்தவர் அவர். நெல் குவிந்த களத்திலே, கூலி குறைகிறது என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வார்? துண்டு கக்கத்தில், முதுகு வளைவில், கை வாயின்மேல்! மூச்சுக்காற்றும் மிராசுதார் மேல் படலாகாதாம். கைக்குள்ளே சொல் மடியும். "என்னடா சொல்றே? காதிலே விழலே" என்பார் மிராசுதார். அத்தோடு கணக்கு முடிந்தது!

ஆங்கிலச் சொல் குரலின்மீது குறை சுமத்துகிறது: ஒலி மெலிது, ஆகவே கேட்கவில்லை. வாயைப் பொத்த வைத்தது யார் என்பதை அகராதி சொல்லுமா?

தமிழிலோ காதால் அறிவதும் கேட்டல். ஏன் என வினவுவதும் கேட்டல். உரிமை கோருவதும் கேட்டல். ஒருவன் கேட்கத் தடை விதித்தவன், தன் செவிக்கும் தாழிட்டவனாகிறான்.

1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட கீழ்வெண்மணியிலே, ஒரே குடிசையில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்! அந்த ஓலமும் மெலிந்த ஒலிதானா? 1970-இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்கிழார்களைத் தண்டித்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

பிறரைச் சாடி முடித்துவிடலாம். ஆனால் என் கதையொன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்க் கூட்டத்தில், நடவு வேலை செய்யும் அம்மையார் ஒருவர் எழுந்து கூலி பற்றிப் பேசினார். "கேட்கவில்லை அம்மா, உரக்கச் சொல்லுங்கள்" என்றேன், மேடையிலிருந்து.

ஒலிபெருக்கி என் கையில் இருந்தது!

நாணினேன், இறங்கிச் சென்று அதை அவரிடம் தந்தேன். தோழர்களே, கேட்கவில்லை என்று சொல்லுமுன், ஒலிபெருக்கி யார் கையில் என்று பாருங்கள்.