குற்றாலச் சாரலும் காயாத துண்டும்

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்கள் மேற்கே பார்ப்பார்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று நுழையும். ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல்தான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரே நாளில் மூன்று குளியல் போடுபவர்களும் உண்டு. எல்லாம் சுகம், துண்டு மட்டும் காயாது!

ஈரத்தோடு பையில் திணித்து ஊர் திரும்பிப் பிரித்தால் பூஞ்சை வாடை, வெள்ளை வேட்டியில் கரும்புள்ளி. உடனே பலரின் கை ப்ளீச் பாட்டிலைத்தான் தேடும்.

வெயிலுக்கு மாற்று

ப்ளீச் என்பதே வெயிலுக்கு மாற்றாக வந்ததுதான். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் துணியை மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்து வெளுப்பார்கள். 1799-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் ப்ளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். வெயில் குறைந்த அந்த ஊரில் அது பெரிய வரமாக இருந்திருக்கும்.

நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? சலவைத் தொழிலாளர்கள் துணியை உவர்மண் கரைசலில் நனைத்து, வெள்ளாவிப் பானையில் ஆவி கட்டி, துவைத்து வெயிலில் உலர்த்தினார்கள். உவர்மண்ணின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். ஆவி அழுக்கை இளக்கும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

அருவிக்குக் கீழேயும் ஊர் உண்டு

குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. காரணம் எளிது. அருவி நீர் சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடி, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. நாம் கழுவிவிடுவதை யாரோ கீழே அள்ளுகிறார்கள். ப்ளீச் கலந்த நீர் மீன்களுக்கு ஆகாது. அளவு மீறினால் வீட்டு செப்டிக் டேங்கில் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் கொல்லும்.

கறைக்கு ஏற்ற மருந்து

* துண்டு வாடை: வெந்நீரில் சிறிது சலவை சோடா போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். சாரல் நின்று வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் உதறி விரித்துப் போடுங்கள்.
* எண்ணெய்ப் பிசுக்கு: நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். பட்டுச் சேலைக்கும் பாந்தம்.
* மஞ்சள், சாம்பார் கறை: சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்.
* துருக்கறை: எலுமிச்சைச் சாறும் உப்பும் போதும். ப்ளீச் போட்டால் கறை இன்னும் அழுந்திப் பிடிக்கும்.
* மங்குஸ்தான் கறை: சீசனில் வாங்கித் தின்னும் பழம்தான், தோலின் சாறு பட்டால் உடனே தண்ணீரில் அலசுங்கள். காய்ந்துவிட்டால் லேசில் போகாது.

ப்ளீச் எப்போது?

வேண்டவே வேண்டாம் என்பதில்லை. ஈரத்தில் பூஞ்சை படர்ந்த குளியலறை டைல்ஸுக்கும், வேறு வழியே இல்லாத வெள்ளைப் பருத்தித் துணிக்கும் அது உதவும். டைல்ஸுக்கு 4 லிட்டர் தண்ணீரில் ஒரு டம்ளருக்கு மேல் வேண்டாம். துணிக்கு இன்னும் குறைவாக, லேபிளில் உள்ள அளவுப்படி. வெந்நீர் கூடாது. பட்டு, கம்பளி, சாயத் துணி பக்கம் கொண்டுபோகாதீர்கள். அன்றைக்குக் கரைத்ததை அன்றே பயன்படுத்துங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. டாய்லெட் கழுவும் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதையும் ப்ளீச்சோடு கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அம்மோனியா உள்ள கிளீனரும் ஆபத்து. சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு சின்னக் குளியலறையில் இப்படிக் கலந்தால் உயிருக்கே ஆபத்து. நெடி ஏறினால் எல்லாவற்றையும் அப்படியே விட்டு வெளியே வாருங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இந்த சீசனுக்குக் கிளம்பும்போது பையில் ஒரு கொடிக்கயிறும் நாலு கிளிப்பும் போட்டுக்கொள்ளுங்கள். அறையில் ஃபேனுக்குக் கீழே கட்டினால், பாதி ப்ளீச் வேலை அங்கேயே மிச்சம்.