இரலையின் படம்

பொருநை எனப்படும் தாமிரபரணியாற்றிற்கு அண்மையில், நெல்லையினின்று தூத்துக்குடி செல்லும் சாலையருகே வல்லநாட்டு மலை உள்ளது. அங்கு வாழும் வெளிமான்களைப் பேணுதற்கு 1987ஆம் ஆண்டில் காப்பகம் அமைக்கப்பட்டது. பண்டைத் தமிழர் இரலை என்று வழங்கியது இம்மானையே.

என் பழைய மாணாக்கன் ஒருவன் அங்கு எடுத்த ஒளிப்படங்களை என் வீட்டுத் திண்ணையில் பரப்பினான். முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் உடைய ஆண்மானின் அழகைக் கண்டோர் அனைவரும் புகழ்ந்தனர். ஆடு மேய்த்து முதிர்ந்த பெரியவர் ஒருவர் மட்டும், "தம்பி, எல்லா மான்களும் மேய்ச்சலை விட்டு உன்னையே நோக்குகின்றனவே! அயலாரைக் கண்டால் என் ஆடுகளும் இவ்வாறுதான் அஞ்சி நிற்கும்" என்றார்.

அவன் முகம் வாடியது. ஆயினும் மறுத்துப் பேசினான் அல்லன். மறுமுறை சென்றபோது, தொலைவிலேயே அசையாது அமர்ந்து நெடும்பொழுது காத்திருந்தான். பிணைமான்கள் தலைகுனிந்து மேய, அருகே கன்று துள்ளும் படம் கிட்டியது. அதனைக் கண்ட பெரியவர், "இப்போது அவை அச்சமின்றி இருக்கின்றன" என்று மகிழ்ந்தார்.

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என அதன் பாயிரம் கூறுகின்றது. அப்பெருநூலுக்கே ஆராய்ந்து கேட்பார் ஒருவர் வேண்டியிருந்தார் எனில், நம் முயற்சிகட்கு வேண்டாவோ? மாணவர்களே, புகழுரை மகிழ்வு தரும். குறை காட்டும் உரையோ அறிவு தரும். அதனைக் கூறுவார் யாவராயினும் செவிசாய்த்துக் கேளுங்கள்.