துபாய் நம்பரை யார்கிட்ட கேக்கிறது?

இப்ப இருக்கிற பசங்ககிட்ட 197-னு சொன்னா முழிக்கிறாங்க. டெலிபோன் டைரக்டரி கையில இல்லாத நேரத்துல 197-ஐச் சுத்தி, ஆளு பேரு, தெரு பேரு சொன்னா நம்பரைத் தேடிச் சொல்வாங்க. அது உள்ளூருக்கு. வெளிநாட்டு நம்பர் வேணும்னா? அது பெரிய கூத்து.

1990-கள்ல, காலேஜ் விட்டு வந்ததும் மேலப்பாளையத்துல ஒரு எஸ்டிடி பூத்துல சாயங்காலம் உட்கார்ந்திருப்பேன். வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவே அங்க கிடையாது. அதனால இந்தக் கூத்து எனக்கு அத்துப்படி.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு என்கொயரி நம்பர் உண்டு. எமிரேட்ஸ்ல 181, சவூதியில 905, இங்கிலாந்துல அப்போ 192, அமெரிக்காவுல 411. ஆனா அதெல்லாம் அந்தந்த நாட்டுக்குள்ள சுத்துறதுக்கு. இங்கேருந்து கேக்கணும்னா நம்ம சர்வதேச ஆபரேட்டரைப் பிடிக்கணும். அவங்க அந்த ஊர் ஆபரேட்டரைக் கேட்டுச் சொல்லணும். நாம கொடுக்க வேண்டியது மூணு விஷயம்: ஊரு, பேரு, விலாசம். லேசா இருக்குல்ல? மூணுலயும் நமக்கு இடி :-)

முதல்ல பேரு. நம்மாளுக்கு இனிஷியல்தான், குடும்பப் பேரு கிடையாது. வெள்ளைக்காரன் டைரக்டரியோ குடும்பப் பேரு வரிசையில இருக்கும். பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சு எழுதினா வாப்பா பேரே குடும்பப் பேரா ஆயிடும். அப்போ லண்டன்ல மகனைத் தேடணும்னா, ஊர்ல திண்ணையில உட்கார்ந்திருக்கிற வாப்பா பேரைச் சொல்லணும்! அடுத்தது எழுத்து. காதர்ங்கிற பேரை 'கே' போட்டும் எழுதலாம், 'க்யூ' போட்டும் எழுதலாம். 'அப்துல்' சேர்த்தா 'ஏ'-வுக்கே போயிரும். ஆபரேட்டர் எத்தனை பக்கம்தான் புரட்டுவாங்க?

சிங்கப்பூர் பரவாயில்லை. அங்க போன கடையநல்லூர்க்காரங்க 1941-லேயே 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்'னு சங்கம் வச்சுட்டாங்க. ஆளைத் தேடுறதைவிட சங்கத்தைத் தேடுறது லேசு.

வளைகுடாவுல பேரைச் சரியா சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. கேம்ப்ல எட்டுப் பேரோட ஒரே ரூம்ல படுக்கிறவன் பேர்ல ஏது டெலிபோன்? இருந்தாலும் கம்பெனி பேர்லதான் இருக்கும். விலாசமும் அப்படித்தான். அங்க தபால் வீட்டுக்கு வராது, போஸ்ட் பாக்ஸுக்குத்தான் வரும். கவர்ல பின்பக்கம் பார்த்தா பெட்டி எண்ணும் கம்பெனி பேரும் மட்டும் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, காலேஜ் லீவுன்னு பகல்லயே பூத்துல இருந்தேன். அப்படி ஒரு கவரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா ஓடி வந்தாவ. மாமியார் மவுத்தாயிட்டாவ. மகன் துபாய்ல. "தம்பி, அஸருக்குப் பொறவு எடுத்துருவாவ. அவுக காதுல ஒரு வார்த்தை போட்டுரணும்யா"ன்னு சொன்னாவ. மய்யித்தை வச்சுக் காத்திருக்கிற பழக்கம் கிடையாது. இருந்தது மூணு மணி நேரம்.

கடை அண்ணாச்சி என்கொயரிக்குப் போட்டு, கம்பெனி பேரைச் சொல்லிக் கேட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சு நம்பர் கிடைச்சுது. சுத்தினா மணி அடிக்குது, அடிக்குது, எடுக்க ஆளில்லை. அங்க அப்போ வெள்ளிக்கிழமை விடுமுறை. நம்பர் சரி, ஆளு இல்லை. என்ன செய்ய?

அண்ணாச்சி ரிசீவரை வச்சுட்டு, "ஏலே, அந்தக் கம்பெனிக்கு நம்ம தெருவுல வேற யாரு போயிருக்கான்னு கேளு"ன்னாரு. நாலு வீடு ஏறி இறங்கினேன். நாலாவது வீட்டு காலண்டர்ல பென்சில்ல ஒரு நம்பர். கேம்ப் பக்கத்துல இருக்கிற மளிகைக் கடையோடது. அங்க சொல்லி, ஆளைக் கூட்டி வரச் சொல்லிட்டு அரைமணி நேரம் கழிச்சு மறுபடி போட்டோம். மீட்டர்ல சிவப்பு எண் ஓடிக்கிட்டே இருக்கு, ரெண்டு பக்கமும் பேச்சில்லை. கடைசியில அவர் சொன்னது ஒண்ணுதான்: "என் பங்கு மண்ணையும் தம்பியைப் போடச் சொல்லு." அண்ணாச்சி அந்த காலுக்குக் காசு வாங்கலை.

அப்புறம் எல்லாம் மாறிப்போச்சு. இங்கிலாந்துல 192 சேவையை 2003 ஆகஸ்ட்ல மூடி, 118-ல தொடங்குற பல நம்பர்களைக் கொண்டுவந்தாங்க. இப்ப கையில வாட்ஸப் இருக்கு, எவனுக்கு என்கொயரி வேணும்?

ஆனா யோசிச்சுப் பாருங்க. செல்போன் நம்பருக்கு டைரக்டரின்னு ஒண்ணு கிடையாது. பிள்ளையோட போன் தொலைஞ்சாலோ, நாலு நாள் சுவிட்ச் ஆஃப் ஆனாலோ நாம யார்கிட்ட கேப்போம்? வெளிநாட்டுல சிக்கல்ல இருக்கிறவங்களுக்காக மத்திய வெளியுறவுத்துறை 2015-ல 'மதாத்'னு ஒரு இணையதளம் தொடங்கிச்சு. அங்க புகார் கொடுத்தாலும் பாஸ்போர்ட் நம்பர், வேலை பாக்கிற கம்பெனி, அங்கத்திய விலாசம்னு கையில இருந்தாத்தான் காரியம் வேகமா நடக்கும். "வாட்ஸப்ல பேசுவான் சார்"னு சொன்னா ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால, வெளிநாட்டுல பிள்ளை இருக்கிற வீடா இருந்தா ஒரு காரியம் செய்யுங்க. பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே பேரு, கம்பெனி பேரு, ஆபீஸ் நம்பர், தங்கியிருக்கிற இடம், கூட இருக்கிற ரெண்டு பேரோட நம்பர் - இவ்வளவையும் போன்ல வைக்காம பேப்பர்ல எழுதி வைங்க. அந்த வீட்டு காலண்டர்ல இருந்த மாதிரி பென்சில்ல எழுதினாலும் போதும்.