பக்கத்துப் பெஞ்சின் எண்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் இருவகைச் செய்திகளே நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. முதல் பக்கத்தில் வாயில் இனிப்பு ஊட்டப்படும் முகங்கள். உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு மரணம். இவ்விரண்டுக்கும் நடுவே பல லட்சம் பிள்ளைகள் தத்தம் எண்ணைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவனின் எண்ணையும் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. நாங்கள் அந்த நடுப்பகுதியைச் சேர்ந்தவர்கள். அதனால் அந்தக் கேள்வியைப் பற்றியே எழுத விரும்புகிறோம். 'உனக்கு எவ்வளவு?' என்ற கேள்வியைப் பற்றி.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியது. 1980இல் முதல் அணி தேர்வெழுதி வெளியேறியது. நாங்கள் எழுதியது 1992 மார்ச்சில். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஓர் இருபாலர் பள்ளி. முதல் பிரிவில் 38 பேர். ஆறு பாடங்கள், பாடத்துக்கு 200, ஆக மொத்தம் 1200. ஒவ்வொன்றிலும் 70 எடுத்தால் தேர்ச்சி. இந்த எண்களை எங்கள் வீடுகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அறிந்திருந்தார்கள்.

அக்காலத்தில் முடிவு மாலைப் பத்திரிகையில் வரும். திருநெல்வேலியில் அச்சாகிப் பேருந்தின் கூரையில் கட்டாக ஏறி எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருக்கும். கட்டுப் பிரிப்பதற்குள் பத்துக் கைகள் நீளும். ஒரு பிரதியை நான்கு தாள்களாகப் பிரித்து, தேநீர்க்கடைப் பெஞ்சின் மேல் விரித்து, விரலை வைத்து எண்களின் மேல் நகர்த்துவோம். அதில் பெயர் இராது, மதிப்பெண் இராது. தேர்ச்சி பெற்றவர்களின் பதிவெண்கள் மட்டும் எறும்பு வரிசையாக இருக்கும். தோற்றவர்களைப் பற்றிப் பத்திரிகை எதுவும் சொல்லாது. இரண்டு எண்களுக்கு நடுவே ஓர் எண் விடுபட்டிருக்கும், அவ்வளவே. அந்த இடைவெளியில் அச்சுப்பிழை இருக்கக்கூடும் என்று இன்னொரு பிரதியை வாங்கிப் பார்த்த தகப்பன்மார்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

எங்கள் 38 எண்களில் 31 இருந்தன.

விடுபட்ட ஏழில் ஒன்று எங்கள் பெஞ்சைச் சேர்ந்தவனுடையது. அவன் தாளை ஒருமுறைதான் பார்த்தான். "சரிடே, வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்; ஏறி மிதிக்கவில்லை. இருட்டிய பிறகு அவனுடைய அம்மா எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அழவில்லை. "சாப்ட்டு முடிச்சுட்டு எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்திருங்கய்யா. ராத்திரி திண்ணையிலயே படுத்துக்கிடுங்க. அவனும் உங்ககூடப் படுத்துக்கிடுவான்" என்றார்கள். எதற்கு என்று நாங்களும் கேட்கவில்லை, எங்கள் வீட்டாரும் கேட்கவில்லை. ஐந்து பேர் பாயும் போர்வையுமாகப் போனோம். அவனை நடுவில் படுக்கவைத்துக்கொண்டு ரஜினி படத்தைப் பற்றியும் ஆற்றில் தண்ணீர் திறந்துவிடப்போவதைப் பற்றியும் பேசினோம். தேர்வைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. நள்ளிரவில் அவன் எழுந்தபோது ஐவரும் எழுந்தோம். "மோளப் போறேன்டே" என்றான். ஐவரும் உடன் போனோம். நான்கு இரவுகள் அப்படிப் படுத்தோம். ஐந்தாம் நாள் அவனே, "போங்கடே, இங்க ஒரே கொசு" என்று எங்களை அனுப்பிவைத்தான்.

மதிப்பெண் பட்டியல் பள்ளிக்கு வந்து சேர மேலும் சில நாட்கள் ஆயின. பிற்காலத்தில் யோசிக்கையில் அந்த இடைப்பட்ட நாட்களின் அருமை எங்களுக்குப் புலப்பட்டது. தேர்ச்சி பெற்ற 31 பேரும் அந்நாட்களில் சமமாக இருந்தோம். எல்லோருக்கும் எண் இருந்தது. எவருக்கும் அளவு இல்லை. தெருவில் யாரேனும் அப்பாவை நிறுத்தி, "என்ன வே, மவன் பாஸா?" என்று கேட்டால் "பாஸ்" என்ற ஒற்றைச் சொல்லில் பேச்சு முடிந்துவிடும். சேர்ந்து குளித்தோம், சேர்ந்து பாபநாசம் போய்வந்தோம். 'யாருக்கு எவ்வளவு இருக்கும்' என்ற ஊகம் இருந்தது. ஆனால் ஊகத்துக்குக் கூர்மை இல்லை.

பட்டியல் வந்த காலையில் அது முடிந்தது. தலைமையாசிரியர் அறையிலிருந்து வெளியே வருபவனிடம் முதலில் மொத்தம் கேட்கப்படும். அடுத்துக் கணிதம். அதற்கடுத்து 'அவனுக்கு எவ்வளவு?' ஒப்பிடுவதற்குள் ஓர் ஒழுங்கு இருந்ததை நாங்கள் கவனித்தோம். முதல் மதிப்பெண் பெற்றவரோடு யாரும் தம்மை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. மாநிலத்தில் முதலிடம் பெற்றவர் யார் என்பது பொதுஅறிவுச் செய்தி போல வந்து போயிற்று. ஒப்பீடு எப்போதும் பக்கத்துப் பெஞ்சோடுதான். ஒரே நோட்டைப் பகிர்ந்து படித்தவன், ஒரே மண்ணெண்ணெய் விளக்கில் விழித்திருந்தவன், நேற்றுவரை ஒரே சைக்கிளில் முன்னும் பின்னும் வந்தவன். அவனைவிட ஆறு கூடுதலா, மூன்று குறைவா என்பதே கேள்வி. 842 பெற்றவனுக்கு 1061 வலிக்கவில்லை; 845தான் வலித்தது. மகிழ்ச்சியும் அப்படியே. நூறு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றபோது வராத நிறைவு நண்பனைவிட ஒன்று கூடியபோது வந்தது. அந்த ஒற்றை மதிப்பெண் எந்த விடைத்தாளின் எந்த மூலையில், எந்தத் திருத்துநரின் எந்த நேரத்து மனநிலையில் விழுந்தது என்று யார் அறிவார்?

வகுப்பின் முதல் மதிப்பெண்ணான அந்த 1061, கடைசிப் பெஞ்சுக்கு முந்தைய பெஞ்சில் அமர்ந்திருந்த ஒருத்திக்குக் கிடைத்தது. கணிதத்தில் 194. அவள் வீட்டில் மூன்று பெண்கள், மூவர் மடியிலும் பீடித்தட்டு. தேர்வுக் காலத்திலும் நாளொன்றுக்குச் சில நூறு பீடி சுற்றிவிட்டே அவள் புத்தகம் எடுத்தாள். பட்டியலை வாங்கிய நாளில் ஆசிரியர்கள் எல்லோரும் அவளை அழைத்துப் பேசினார்கள். ஜூலையில் கல்லூரிகள் திறந்தபோது அவள் எதிலும் சேர்ந்திருக்கவில்லை. திருநெல்வேலிக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியலைப் பதிந்துவிட்டு வந்து, மீண்டும் தட்டை மடியில் எடுத்துக்கொண்டாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் 194க்கு எந்தப் பங்கும் இல்லை. அவளைவிட இருநூறுக்கும் மேல் குறைவாகப் பெற்ற ஒருவன் நன்கொடை கொடுத்துச் சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். அவன் நல்லவன்; அவன்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் காலையில் பள்ளித் திண்ணையில் நின்று நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது எதை என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது. 31 பேரும் ஒரே கோட்டிலிருந்து ஓடியதாக வைத்துக்கொண்டால்தான் 842க்கும் 845க்கும் பொருள் உண்டு. கோடுகள் அவரவர் வீட்டு வாசலில் போடப்பட்டிருந்தன.

பிறகு விதிகள் பல மாறின. 1984இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு, எங்கள் காலத்தில் 300க்கு இத்தனை என்று இன்னோர் ஒப்பீட்டைத் தந்தது. 2007 சேர்க்கையில் அது இல்லாமல் போயிற்று. 2017இல் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. நல்ல முடிவு. அதே ஆண்டில்தான் அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதா 1200க்கு 1176 பெற்றும், நீட் தேர்வின் காரணமாக மருத்துவ இடம் கிடைக்காமல் செப்டம்பர் 1 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்பின் மொத்தம் 600 ஆனது. பொறியியல் சேர்க்கையில் எல்லா வகையிலும் சமமாக நிற்கும் இருவரைப் பிரிக்கச் சமவாய்ப்பு எண் என்ற ஒன்று உண்டு. குலுக்கலில் விழும் எண். அதையும் எவ்வளவு என்று கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எல்லாவற்றையும்விட எங்களை யோசிக்கவைத்தது 2021. பெருந்தொற்றினால் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்கினார்கள். எவரும் தோற்கவில்லை, எந்த எண்ணும் விடுபடவில்லை. எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் தசமப் புள்ளியோடு வந்தது. அன்று காலை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் செய்த முதல் காரியம், புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களைத் தோழர்களுடையவற்றோடு ஒப்பிட்டதுதான். ஒப்பீடு தேர்வினால் வருவதன்று என்பது அன்று உறுதியாயிற்று. அது பக்கத்தில் ஒருவர் இருப்பதனால் வருகிறது. அதை ஒழிக்க முடியும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒழிக்கத்தான் வேண்டுமா என்பதிலும் ஐயமுண்டு. தன் தோழனுக்கு எவ்வளவு என்று கேட்கத் தோன்றாத பிள்ளைக்குத் தோழனே இல்லாதிருக்கவும் கூடும்.

மாறியிருப்பது வேகம். எங்களுக்குப் பத்திரிகைக்கும் பட்டியலுக்கும் நடுவே சில நாட்கள் கிடைத்தன. இப்போது தேர்ச்சியும் தோல்வியும் மதிப்பெண்ணும் ஒப்பீடும் ஒரே நிமிடத்தில், மூடிய அறைக்குள், ஒரு சிறு திரையில் நிகழ்ந்துவிடுகின்றன. அருகில் தாளை விரித்துப் பிடிக்க இன்னொரு கை இல்லை. முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறவர் இல்லை. அம்மா விஷயம் அறிந்து தெருவில் இறங்குவதற்குள் எண் நூறு பேருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உளவியல் ஆலோசனைக்கு அரசு தொலைபேசி எண் தந்திருக்கிறது, அது அவசியமானது. ஆனால் அழைக்க வேண்டிய பிள்ளை அந்நேரத்தில் அழைக்காது. அதைத் தேடி யாராவது போக வேண்டியிருக்கிறது.

எங்கள் வகுப்பில் 33 பேர் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். அண்மையில் ஓராண்டு முடிவு வந்த காலையில் ஒருவன் தன் மகளின் 567ஐப் பதிந்தான். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்தன. அவ்வாண்டு மகன் தேர்வெழுதியிருந்த இன்னொருவனிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. குழுவில் யாரும் கேட்கவில்லை. பகல் ஒரு மணிக்கு எங்களில் இருவர் சங்கரன்கோவிலுக்குப் பேருந்து ஏறினார்கள். மாலையில் அவர்களிடமிருந்து ஒரு வரி வந்தது: "பையன் சாப்பிட்டுட்டான். நாங்க காலைலதான் கிளம்புவோம்."