கற்பூர மரத்து இலையும் மீஞ்சூர்க் கடைப் புட்டியும்

நீலகிரித் தைலம் என்பது யூகலிப்டஸ் இலையிலிருந்து நீராவி மூலம் பிரித்தெடுக்கப்படும் நறுமண எண்ணெய். சமவெளியில் தைலமரம் எனப்படும் இந்த மரத்தை நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த மரத்தை 1843-இல் கேப்டன் காட்டன் என்ற ராணுவ அதிகாரி நீலகிரிக்குக் கொண்டுவந்தார். விறகுக்காகத் தோட்டம் தோட்டமாக வளர்க்கப்பட்ட மரத்தின் இலையிலிருந்து தைலம் காய்ச்சும் தொழில் பின்னால் வளர்ந்தது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஓடையோரக் கொட்டகைகளில் இன்றும் அந்தத் தொழில் நடக்கிறது.

இலை பொறுக்குவது பெரும்பாலும் பெண்களின் வேலை. தோப்பில் உதிர்ந்து கிடப்பதையும், வெட்டிய மரத்தின் கிளைகளிலிருந்து உருவியதையும் மூட்டையாகக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள். கூலி எடைக்கணக்கில். மழைக்காலத்தில் இந்த வேலைக்கு அட்டைக்கடியும் வழுக்கலும் கூடச் சேர்ந்துகொள்ளும். இளங்கன்றின் இலை வட்டமாக, சாம்பல் பூத்த நீலமாக இருக்கும். முற்றிய மரத்தின் இலை அரிவாள்போல நீண்டு வளைந்திருக்கும். தைலத்துக்கு நாடுவது முற்றிய இலையைத்தான்.

கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் கண் எரியும். புகையும் தைல ஆவியும் கலந்த காற்று அது. பெரிய உலோகக் கலத்தில் இலையைத் திணித்து, தண்ணீர் விட்டு, மூடியின் விளிம்பில் ஆவி கசியாதபடி அடைத்துவிட்டு அடியில் தீ மூட்டுகிறார்கள். முன்பு காய்ச்சி எடுத்து உலர்த்திய சக்கையே பெரும்பாலும் எரிபொருள். மூடியிலிருந்து கிளம்பும் குழாய், ஓடைத் தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குள் இறங்கி மறுபக்கம் வெளியே வருகிறது. உள்ளே போன ஆவி குளிர்ந்து, தண்ணீரும் தைலமுமாகச் சொட்டுகிறது. தைலம் தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலே மிதக்கிறது. அதை மெதுவாக வடித்துத் துணியில் வடிகட்டுகிறார்கள். 100 கிலோ பச்சிலையைப் பல மணி நேரம் காய்ச்சினாலும் கிடைப்பது ஏறத்தாழ 1 கிலோ தைலம்தான். தீ கூடினால் இலை கருகி வாடை கெட்டுவிடும், குறைந்தால் தைலம் முழுதாக இறங்காது. அடுப்படியில் இருப்பவரின் கண்ணும் மூக்கும்தான் அங்கே அளவுகோல். இவ்வளவு உழைப்பு ஒரு புட்டிக்குள் அடங்கியிருக்கிறது என்பதை வாங்குபவர் அறிந்திருப்பது நல்லது. விலை மிக மலிவாக இருந்தால் ஏன் சந்தேகப்பட வேண்டும் என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

காய்ச்சி எடுத்த பச்சைத் தைலத்தில் இருமலைக் கிளப்பும் ஆல்டிஹைடுகள் இருக்கும். மருந்துக்குப் போகும் தைலத்தை மறுபடி வடித்துச் சுத்தப்படுத்துகிறார்கள். அதன் தரத்தைத் தீர்மானிப்பது சினியோல் என்ற வேதிப்பொருள். மருந்துத் தரத் தைலத்தில் அது 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது ஐரோப்பிய மருந்துத் தர நூலின் விதி. யூகலிப்டஸ் என்ற பெயரில் பல இனங்கள் உண்டு. நீலகிரியின் தைலம் குளோபுலஸ் இனத்தினுடையது. எலுமிச்சை வாடை வீசும் சிட்ரியோடோரா இனத்தின் எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் சிட்ரோனெலால். அது கொசுவை விரட்டத்தான் ஆகும், சளிக்கு ஆகாது. காகித ஆலைக்காகச் சமவெளியில் நடப்படுபவை வேறு இனங்கள். ஆகவே தாவரவியல் பெயர் இல்லாத புட்டி பாதித் தகவலைத்தான் தருகிறது.

சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரில் மருந்துக் கடை, நாட்டு மருந்துக் கடை, மளிகைக் கடை எல்லாவற்றிலும் இந்தத் தைலம் கிடைக்கிறது. ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் உறவினர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்த புட்டிகளும் பல வீட்டு அலமாரிகளில் உண்டு. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் நிலக்கரித் தூசியும் சாம்பலும், துறைமுகங்களுக்குப் போய்வரும் லாரிகளின் புகையும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் இருமல் வந்ததும் கை முதலில் நீள்வது தைலப் புட்டியை நோக்கித்தான். அடைத்த மூக்குக்கு அது சற்று இதம் தரும். தூசியால் நுரையீரலில் ஏற்பட்ட கேட்டை அது சரிசெய்யாது. ஆஸ்துமாக்காரர்களுக்குக் காட்டமான ஆவியே மூச்சுத்திணறலைத் தூண்டலாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு ஆவி பிடித்துக்கொண்டே வேலைக்குப் போவது சரியல்ல. அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய இருமல்.

கடையில் நான் எடுத்துப் பார்த்த புட்டிகள் இரண்டு விதம். ஒன்றில் ‘ஐ.பி.’ என்ற குறி, தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, முழு முகவரி எல்லாம் இருந்தன. ஐ.பி. என்றால் இந்திய மருந்துத் தர நூலின் அளவுகோலுக்கு உட்பட்டது என்று பொருள். இப்படி மருந்தாக விற்கப்படும் பொருளுக்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். இன்னொன்றில் மலைப்படமும் ‘நூறு சதவீதம் சுத்தம்’ என்ற வாசகமும் மட்டும். தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு அந்தப் புட்டியில் பதில் இல்லை. ‘தெரப்யூட்டிக் கிரேடு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். அப்படியொரு தரச்சான்றை எந்த அரசும் வழங்குவதில்லை. அது விற்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர்.

கலப்படம் பல வகை. டர்பென்டைன் கலப்பார்கள், லிக்விட் பாரஃபின் கலப்பார்கள். சீனாவில் யூகலிப்டஸ் எண்ணெய் என்ற பெயரில் தயாராவதில் பெரும்பகுதி, கற்பூரம் எடுக்கும் வேறொரு மரத்திலிருந்து பிரித்த சினியோல். தைலத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டால் சில மணி நேரத்தில் தடமில்லாமல் பறந்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் பாரஃபினோ சமையல் எண்ணெயோ கலந்திருக்கிறது. ஆனால் டர்பென்டைனும் பறந்துவிடும் என்பதால் தாள் சோதனையில் தேறியதே சுத்தத்துக்குச் சான்று ஆகாது. கேஸ் குரோமட்டோகிராபி ஆய்வுதான் உள்ளதைச் சொல்லும். லக்னோவின் சீமாப் நிறுவனமும் கன்னோஜின் நறுமண மேம்பாட்டு மையமும் இந்தத் துறைக்கான அரசு நிறுவனங்கள். மொத்தமாக வாங்கி சோப்போ ஊதுபத்தியோ செய்பவர்கள், கையில் இருக்கும் தொகுதி எண்ணுக்கே உரிய ஆய்வறிக்கையைக் கேட்க வேண்டும். எல்லாத் தொகுதிக்கும் ஒரே அறிக்கையை நீட்டும் வியாபாரியை விட்டு விலகுவதே நல்லது.

மற்ற எண்ணெய்களுக்கும் விலையே நல்ல துப்பு. மல்லிகையின் மணத்தை நீராவியில் சரியாக வடிக்க முடியாது. கரைப்பானில் ஊறவைத்துத்தான் எடுக்கிறார்கள். ஒரு டன் பூவுக்குச் சில கிலோ மெழுகுபோன்ற சாறுதான் தேறும். ஆகவே 100 ரூபாய்க்கு விற்கும் ‘சுத்த மல்லிகை எண்ணெய்’ செயற்கை வாசனையாகத்தான் இருக்கும். சந்தன எண்ணெய்க்கும் இதே கணக்கு.

இயற்கையானது என்பதால் கெடுதல் செய்யாது என்ற எண்ணம் ஆபத்தானது. தென்னிந்திய மருத்துவமனைகளில் வலிப்போடு வந்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில் 350 பேரில் 55 பேருக்கு வலிப்போடு தொடர்புடையவையாக நறுமண எண்ணெய்களே குறிக்கப்பட்டன. யூகலிப்டஸும் கற்பூரமும் கலந்த தைலங்களே அதில் முக்கியமானவை. வலிப்பு நோய் உள்ளவர்கள் இவற்றை முகரவும் பூசவும் கூடாது. யூகலிப்டஸ் தைலம் 5 மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு நினைவு தப்பலாம். ஊட்டிக் கடைகளில் மூட்டுவலிக்கென்று விற்கும் வின்டர்கிரீன் எண்ணெய் இன்னும் கடுமையானது. அது ஏறத்தாழ முழுக்க மெத்தில் சாலிசிலேட்; ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடான நஞ்சு உண்டு, அந்த ஒரு தேக்கரண்டி குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும்.

பெரியவர்கள் தோலில் தடவும்போது 30 மில்லி தேங்காயெண்ணெயில் 12 சொட்டு, அதாவது சுமார் 2 சதவீதம் போதும். நேரடியாகப் பூசினால் தோல் எரிந்து கொப்புளிக்கலாம். ஆவி பிடிக்க இரண்டு மூன்று சொட்டு போதும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைக்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ எந்தத் தைலமும் வேண்டாம், தொண்டை இறுகி மூச்சு நின்றுவிடக்கூடும். தைலம் எளிதில் தீப்பற்றும் என்பதால் சாமி விளக்கு, அடுப்பு அருகில் வைக்கக் கூடாது. நிறக்கண்ணாடிப் புட்டியில், இறுக மூடி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குடிக்கும் மருந்துப் புட்டிகளோடு சேர்த்து வைக்கவே வேண்டாம்.

குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள். டில்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தையும் 1800 116 117 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே என்ன எண்ணெய், எந்த அளவு என்பதை மருத்துவர் புட்டியில் ஒட்டிய சீட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.