தீவைச் சுற்றும் மிதிவண்டி

சீனப் பெருநிலத்திற்கு அப்பால், பசிபிக் பெருங்கடலின் மேற்கு விளிம்பில் அமைந்த தீவு தைவான். பதினாறாம் நூற்றாண்டில் அவ்வழியே கப்பலோட்டிய போர்த்துக்கீசியர் அதனை ‘அழகிய தீவு’ என்னும் பொருள்படப் ‘பார்மோசா’ என்று அழைத்தனர். ஏறத்தாழ 36,000 சதுர கிலோமீட்டர் பரப்பே உடைய அத்தீவில், 3,000 மீட்டரினும் உயர்ந்த சிகரங்கள் இருநூற்றுக்கு மேல் உள்ளன. அவற்றுள் மிக உயரமான யூஷான் 3,952 மீட்டர் உயரமுடையது. தீவின் மேற்கே சமவெளியும் நெருங்கிய நகரங்களும் அமைந்திருக்க, கிழக்கே மலைகள் கடலை நோக்கிச் சரிகின்றன.

இத்தீவை மிதிவண்டியில் ஒருமுறை சுற்றிவருவதை அந்நாட்டவர் ‘ஹுவாந்தாவ்’ என்பர்; தீவைச் சுற்றுதல் என்பது அதன் பொருள். கல்வி முடித்த இளைஞரும் பணி ஓய்வு பெற்ற முதியோரும் இப்பயணத்தை மேற்கொள்கின்றனர். 2006ஆம் ஆண்டு, செவித்திறன் குறைந்த மாணவர் ஒருவர் கிதாருடன் தீவைச் சுற்றும் கதை திரைப்படமாக வந்தது. மறு ஆண்டில், 1972இல் ஜயண்ட் என்னும் மிதிவண்டி நிறுவனத்தைத் தொடங்கிய கிங் லியு, தம் 73ஆம் வயதில் பதினைந்து நாள்களில் தீவைச் சுற்றி முடித்தார். பல்லாண்டுகள் மிதிவண்டி செய்து விற்றவர், நெடுவழியில் அதனை மிதித்துப் பார்க்க முதுமையில் புறப்பட்டார் என்பது மக்களைத் தொட்டது. 2015ஆம் ஆண்டு 968 கிலோமீட்டர் நீளமுள்ள முதலாம் எண் மிதிவண்டித் தடம் திறக்கப்பட்டது.

சுமையும் தேவையும்

நாளொன்றுக்குத் தொண்ணூற்றேழு கிலோமீட்டர் சென்றால் பத்து நாள்களில் தீவைச் சுற்றலாம். விடுதிகளில் தங்குவோர் மிகுதி. கூடாரம் அடித்துத் தங்க விரும்புவோர் தம் வீட்டையும் உடன் சுமக்க வேண்டும். கூடாரம், உறங்குபை, சிறிய அடுப்பு, மாற்றுடை, மழைச்சட்டை, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், காற்றடிக்கும் பம்பு ஆகியவை வண்டியின் கைப்பிடியிலும் சட்டத்தின் நடுவிலும் இருக்கையின் பின்னும் கட்டப்பட்ட பைகளுக்குள் அடங்க வேண்டும். எடை மிகுந்தவை தாழ்வாகவும் நடுவிலும் அமைதல் வேண்டும். இல்லையேல் வளைவுகளில் வண்டி தள்ளாடும்.

வீட்டில் இன்றியமையாதவையாகத் தோன்றிய பொருள்கள் பல, முதல் மேட்டிலேயே தம் உண்மை மதிப்பை உணர்த்திவிடுகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் கால்களே விலை கொடுக்கின்றன. இரண்டாம் நாளில் தேவையற்றவற்றை அஞ்சலில் வீட்டுக்கு அனுப்பிவிடும் பயணியர் உண்டு. எது வேண்டும், எது வேண்டாம் என்னும் தெளிவு அவர்களுக்குப் பிறப்பது முழங்கால் வலியில்தான்.

கடல் வலப்பக்கம்

தைவானில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்வதால், பயணியர் பெரும்பாலும் இடஞ்சுழியாகவே தீவைச் சுற்றுகின்றனர். அவ்வாறு செல்லும்போது கடல் எப்போதும் வலப்பக்கம் அமையும். குளிர்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று, மேற்குச் சமவெளியில் தெற்கு நோக்கிச் செல்வோரைப் பின்னிருந்து தள்ளும். கிழக்குக் கரையில் வடக்கு நோக்கித் திரும்பியதும் அதே காற்று முகத்தில் மோதும். முதற்பாதியின் விரைவைத் தம் வலிமை என எண்ணியவர், அது காற்றின் உதவி என அப்போது அறிவர்.

தெற்கே, நானூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஷோக்கா கணவாயை ஏறிக் கடந்தால் பசிபிக் பெருங்கடல் எதிர்ப்படும். அதற்கு வடக்கே, நடுமலைத் தொடருக்கும் கரையோர மலைத் தொடருக்கும் இடையே நீண்ட பள்ளத்தாக்கு ஒன்று உள்ளது. பிலிப்பைன் கடற்புவித்தட்டும் யுரேசியத் தட்டும் சந்திக்கும் இடம் அது. அங்கே வயல்கள் விரிந்துள்ளன. கடகரேகையும் குறுக்கே செல்கிறது. தீவின் தொல்குடியினருள் எண்ணிக்கையில் மிகுந்த அமிஸ் மக்கள் இக்கிழக்குப் பகுதியில்தான் வாழ்கின்றனர். மிதிவண்டியைத் தைவான் மக்கள் ‘இரும்புக் குதிரை’ என்பர். அக்குதிரைக்குக் காற்றும் அதனைச் செலுத்துவோர்க்குக் குடிநீரும் தரும் காவல் நிலையங்கள் வழியெங்கும் உள்ளன.

இரவின் இருப்பிடம்

பொழுது சாயும் முன்னரே கூடாரத்திற்கு இடம் தேர்தல் வேண்டும். மணற்பாங்கான ஆற்றுப்படுகை படுக்கைக்கு இனிதாகத் தோன்றும். ஆனால் தைவானின் ஆறுகள் குறுகியவை, செங்குத்தானவை. மலையுச்சியில் பெய்த மழை, வானம் தெளிந்திருக்கும் தாழ்நிலத்தில் விரைவில் வெள்ளமாக வந்து சேரும். சரிவின் அடிவாரமும் தங்குவதற்கு உரிய இடமன்று, கற்கள் உருளக்கூடும். இசைவு பெற்ற முகாமிடத்தில், மேடான தரையில், காற்று வரும் திசைக்குக் கூடாரத்தின் குறுகிய பக்கத்தைக் காட்டி அடித்தலே முறை. விடிந்ததும் புல் படிந்த தடமன்றி வேறெதுவும் அங்கே எஞ்சக்கூடாது. சூறாவளிகள் மிகும் கோடையிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் வானிலை அறிக்கை கேளாமல் எவரும் புறப்படுவதில்லை.

முழுமை என்பது எது?

வடகிழக்கே ஹுவாலியனுக்கும் சுவாவுக்கும் இடையே சாலை, கடலிலிருந்து சுவர்போல் எழும் பாறைகளை ஒட்டிச் செல்கிறது. சுரங்கவழிகள் குறுகலானவை, சரக்குந்துகள் ஓடுகின்றன, மழையிலும் நிலநடுக்கத்திலும் பாறைகள் சரிகின்றன. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஹுவாலியனுக்கு அருகே ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்திலும் அச்சாலை சேதமுற்றது. எனவே பயணியர் பலர் மிதிவண்டியைத் தொடர்வண்டியில் ஏற்றி அப்பகுதியைக் கடக்கின்றனர்.

அங்கே ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு வழக்கு நடக்கிறது. எண்ணூறு கிலோமீட்டர் மிதித்துவந்தவர்க்குச் சிறிது தொலைவைத் தொடர்வண்டியில் கடப்பது தோல்வியாகத் தோன்றும். சுற்று முழுமை பெறவில்லையே என்னும் ஏக்கம் எழும். கண்டோர் கேலி செய்வரோ என்னும் கூச்சமும் சேரும். சாலையோ, ஒருவர் அதுவரை மிதித்த தொலைவைக் கணக்கில் கொள்வதில்லை. மழை பெய்யும் நாளில், களைத்த கால்களுடன், சரக்குந்துகளின் இடையே செல்வது துணிவு ஆகாது. பிறர் மதிப்புக்காகத் தம் உயிரைப் பணயம் வைப்பதாகும். வீட்டில் காத்திருப்போர்க்கு வேண்டுவது முறியாத வட்டமன்று, முழுதாகத் திரும்பும் மனிதரே.

தொடர்வண்டியின் சன்னலோரம் அமர்ந்து, தாம் மிதிக்காத சாலையைப் பாறைகளின் இடையே காண்பவர், மலையின் அளவையும் தம் அளவையும் ஒருங்கே அறிகிறார். தேவையற்ற சுமையை இரண்டாம் நாளில் இறக்கிவைத்தவர்க்கு, வீண்பெருமையையும் இறக்கிவைக்க அப்பயணத்தின் கடைசி நாள்கள் கற்றுத் தருகின்றன.